ஐப்பசிச் சரக்கு

— அப்போ கெளம்பிட்டான்னு சொல்லுதீரு. கண்ணால பாத்தீரா பாண்டி?

— பாத்தேன் செபாஸ்டின் அண்ணாச்சி. கருக்கல்ல கரைக்காத்துக்குப் பாய் விரிச்சாச்சு. முயல் தீவைத் தாண்டுற வரைக்கும் மணல்ல நின்னு பாத்துட்டுத்தான் வாரேன். கிருபை முதலாளியோட பெரிய தோணி. வத்தலும் வெங்காயமும் கழுத்து மட்டும் ஏத்தியிருக்கு, பாத்துக்கிடுங்க.

— பெரிய தோணியேதானா! நான் என்ன சொன்னேன்? அவனுக்கு மூணு தோணி. அதுல ரெண்டு தோணி பலகை இத்துப்போயி கரையில கெடக்கு. கடல்ல ஓடுறது இது ஒண்ணுதான். எதிரிக்கு எது பலம்னு மட்டும் பாக்கப்படாதுவே, அந்தப் பலம் எத்தனை கால்ல நிக்குன்னும் பாக்கணும். கிருபை கம்பெனி ஒத்தக் கால்ல நிக்கு.

— நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் ஐப்பசிப் புயல் காலத்துல தூத்துக்குடித் தோணி கொழும்புக்குப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்லை.

— மார்க்கெட் அப்படி இருக்கு. உலகச் சண்டை முடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு, கப்பல்காரன் இன்னும் நம்ம பக்கம் சரியாத் திரும்பலை. கொழும்புல வத்தலுக்கு அடிதடி. காயல்பட்டணத்து மொத்த யாவாரி மூஸா நெய்னா காக்கா என்ன சொன்னாக? ஐப்பசியிலயும் சரக்கு எடுக்கிற கம்பெனிக்குத்தான் வருசம் பூரா என் சரக்குன்னாக. இருபது வருசமா அவுக சரக்கு கிருபை கையில. ரேட்டைக் குறைச்சுப் பாத்தோம், வரலை. வீட்டுக்கே போயிக் கேட்டோம், வரலை. மூட்டை நனையாமக் கொண்டு சேக்கிறவன்னு அவனுக்கு ஒரு பேரு. அந்தப் பேரை நம்மளால வாங்க முடியாது. அவனாத் தொலைச்சாத்தான் உண்டு.

— அதுக்குத்தான் அந்த நோட்டீஸு.

— அதுக்கேதான். எங்கள் தோணி இரண்டும் ஐப்பசியிலும் புறப்படும், கூலி கால் பங்கு குறைவு, தேதி இன்னதுன்னு சந்தை பூரா ஒட்டினோம். கிருபை ரோசக்காரன். நம்ம தோணி இன்னைக்கு மத்தியானம் கெளம்புதுன்னதும், காலையிலேயே முந்திக்கிட்டான்.

— அவன் ஆளு நேத்து வந்து நம்ம மூட்டையை எல்லாம் எண்ணிட்டுப் போனான். தண்ணிப் பீப்பாய் ஒண்ணுகூட ஏத்தலையேன்னு பாக்கத் தோணலை அவனுக்கு.

— குடிக்கத் தண்ணி ஏத்தாத தோணி கரையை விட்டு நகராதுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா பயந்துபோனவன் கண்ணுக்கு மூட்டை மட்டுந்தான் தெரியும். மத்தியானம் சுக்கான் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லி சரக்கை எறக்கிருவோம். யாரு நம்மளைக் கேக்கப் போறா?

— ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தத் தோணியில பதினோரு பேரு இருக்கானுவ.

— நானா ஏத்தி விட்டேன்? அவன் தண்டல் மரியான் முப்பது வருசமா சுக்கான் பிடிக்கிறவன். கெழக்கத்திக் கொண்டல் காத்து மூஞ்சியில அடிச்சா திருப்பிக்கிட்டு வந்துருவான். மூட்டை நனைஞ்சு திரும்பினாலே எனக்குப் போதும். ஒருத்தன் உசுரும் எனக்கு வேண்டாம்.

— இப்ப வரும்போது கெழக்கே பாத்தேன் அண்ணாச்சி. கும்முனு இருட்டிக் கெடக்கு. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துதானுவ.

— எத்தனாம் நம்பரு?

— மூணு.

— நேத்து ஒண்ணும் இல்லையே!

— தோணி போனதுக்குப் பெறவுதான் ஏத்துதானுவ. தோணியில போனவுக கண்டிருக்க மாட்டாக.

— ...மரியான் வானத்தைப் பாத்தே திரும்பிருவான்.

— அதான் எனக்குப் புரியலை. கெட்ட காத்துல ரெண்டு தோணி சேந்துதான் போவாக. ஒண்ணு கவுந்தா இன்னொண்ணு ஆளை அள்ளிப் போட்டுக்கிடும். மரியான் ஒத்தையாப் போற ஆளே கெடையாது. இருட்டுல சுக்கான் பக்கம் மொகம் தெரியலை, ஆனா பாயை விரிச்ச வேகத்தைப் பாத்தா அது மரியான் கை மாதிரியே இல்லை.

— சும்மா எதையாவது கெளப்பாதேயும். ரோச் எங்க இருக்கான்?

— உங்க தம்பியா? ஆலந்தலையில, மாமியார் வீட்டுலதான். அவருகிட்டயாவது இந்த நோட்டீஸு சும்மாதான்னு சொல்லியிருக்கலாம். நம்ம தோணிக்குத் தண்டலே அவருதான?

— அவன் வாயில எது நிக்கும்? அவன்ட்ட சொன்னா ஆலந்தலை பூரா அறியும், மறுநாள் கிருபை வீட்டு அடுப்படி அறியும். எல்லாம் முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன்.

— நோட்டீஸைப் பாத்துட்டு ஆள் அனுப்பினாரு. எந்தத் தண்டலை வச்சுப் போறீய, எனக்கு ஏன் சொல்லலைன்னு.

— நீரு என்ன சொல்லிவிட்டீரு?

— நீங்க சொல்லச் சொன்னதைத்தான். வேற ஆள் பாத்தாச்சு, நீ பேசாம கெடன்னு.

— கோவப்பட்டானா?

— பதிலே வரலை அண்ணாச்சி.

— அத்தான்... உள்ள வரலாமா?

— ஆரு, ஆக்னசா? வாளா. இங்கன எங்க வந்த? ஒம் புருசன் ரோச்சும் வந்திருக்கானா?

— நேத்து சாயங்காலமே ரெண்டு பேரும் வந்துட்டோம் அத்தான். இப்ப மாதா கோயில்ல மெழுகுவத்தி கொளுத்திட்டு நேரா இங்க வாரேன். உங்க மொகத்துல முழிக்க அவுகளுக்கு வெக்கம். நீயே போயி எங்க அண்ணன்ட்ட சொல்லிருன்னுட்டாக. நீங்க கோவப்படப்படாது.

— என்னத்தைச் சொல்லணும்?

— மரியான் அண்ணாச்சிக்குக் காச்சலு, எந்திரிக்கவே முடியலை. கிருபை முதலாளி ஆலந்தலைக்கே வந்து இவுக கையைப் பிடிச்சுட்டாக. இவுகளுக்கும் மனசுல குறை. என்னைய விட்டுட்டு எங்க அண்ணன் வேற தண்டலைப் பாத்துட்டான்ல, நான் ஆருன்னு காட்டுதேன்னு...

— ஏளா, அவன் இப்ப எங்க? அதைச் சொல்லு!

— காலையில போன தோணியில சுக்கான் பிடிச்சது அவுகதான் அத்தான்.

— மாதாவே... பாண்டி, ஓடும்வே! நம்ம தோணியை எடுக்கச் சொல்லும். மூட்டையைக் கடல்ல தள்ளிட்டு...

— குடிதண்ணி ஏத்தலை அண்ணாச்சி. சுக்கான் பிடிக்க ஆளும் இல்லை. நம்ம தண்டல்தான் அங்க போயிட்டாரே.

— ஏன் அத்தான் இப்படி வேர்க்குது உங்களுக்கு? நீங்க பயப்படாதீங்க. நானும் கரையில நின்னு அழுதேன், ஒத்தைத் தோணியாப் போறீயளேன்னு. அவுக சிரிச்சாக. போடி பைத்தியம், மத்தியானம் எங்க அண்ணன் தோணி ரெண்டும் பின்னால வருதுல்லா, அது வந்து சேருற வரைக்கும் பாயைச் சுருக்கிக்கிட்டு நான் நடுக்கடல்லயே காத்துக் கெடப்பேன்னுட்டுத்தான் போனாக.