காலண்டர் இல்லாத அறை

— நாலரை வண்டி கூவுது. அப்போ மணி நாலரை. அப்படித்தானே வடிவு?

— இருக்கும்.

— இருக்கும்னா? சுவத்துல மணிக்கூடு இருந்தா நான் ஏன் தம்பானூர் ஸ்டேஷன் ரயிலை நம்பணும்?

— கண்ணை மூடிப் படுங்க. டாக்டர் என்ன சொன்னாரு? மனசு ஸ்வஸ்தமா, நிம்மதியா இருக்கணும்னாரு. தலைமாட்டுல டிக் டிக்குன்னு அடிச்சா ரத்தக் கொதிப்பு எப்படி இறங்கும்?

— சரி. மணிக்கூட்டுக்குச் சத்தம் உண்டு. காலண்டருக்கு என்ன சத்தம்? லக்ஷ்மி படம் போட்ட காலண்டர். லக்ஷ்மி சத்தம் போடுதாளா?

— தேதியைப் பாத்தா ஆபீஸ் நினைப்பு வரும். ஆபீஸை நினைச்சா நாகர்கோவில் நினைப்பு வரும்.

— நாகர்கோவிலை நினைச்சா கொதிப்பு எனக்கா, உனக்கா?

— உங்க அண்ணன் வீட்டுல நாலு வருஷம் அடுக்களைத் தரையில படுத்தவ நான். எனக்குத்தான்னு வச்சுக்கிடுங்க.

— மணிக்கூட்டை எடுத்தே. காலண்டரை எடுத்தே. பத்திரிகையை நிறுத்தினே. தெரு ஜன்னலுக்குத் திரை. கட்டிலைக் கொல்லைப் பக்கம் தள்ளியாச்சு...

— அங்கதான் காத்து. பலா மரத்தைப் பாத்துக்கிட்டே படுக்கலாம். சுவருக்கு இளம்பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஜன்னல்ல வெட்டிவேர்த் தட்டி. பத்து நாளா ஒத்தையில பாடுபடுதேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?

— நல்லாத்தான் இருக்கு. அதான் சந்தேகம்.

— நல்லது செஞ்சாலும் குத்தம்.

— தலைகாணி உறை மாத்தணும்னா நான் மூணு தடவை சொல்லணும். பதினெட்டு வருஷமா இதுதான் கதை. இப்போ என்னடான்னா வெட்டிவேர்!

— அப்போ உங்களுக்குக் கொதிப்பு இல்லை.

— நேத்து வாசல்ல யாரு?

— கீரைக்காரி.

— என் பேரைச் சொல்லி, "பகவதிப்பெருமாள் சார் உண்டோ"ன்னு கேட்டுது. ஆம்பிளைக் குரல்ல.

— அவளுக்குச் சளி.

— எங்க ஆபீஸ் கல்யாணராமன் மாதிரியே ஒரு சளி.

— சரி, அவருதான். தூங்குதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆபீஸ் பேச்சே கூடாதுன்னு டாக்டர்...

— டாக்டர் சொன்னது பாதி. மீதி நீ சொல்லுதது. இன்னைக்குத் தேதி என்ன வடிவு?

— ஐப்பசி.

— நான் மாசம் கேக்கலை.

— படுத்திருக்கிற மனுஷனுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்.

— நவம்பர் ஒண்ணாந்தேதி நாகர்கோவில் பக்கமெல்லாம் இந்த ராஜ்யத்தை விட்டு மதராஸ் ராஜ்யத்தோட போகுது. இங்க இருக்கியா, அங்க போறியான்னு கேட்டு ஆபீஸ்ல ஒரு பேப்பர் கொடுத்தாங்க. கெடு வச்சு. மறந்துட்டேன்னு நினைச்சியா?

— மறக்கணும்னு நினைச்சேன்.

— கோட்டுப் பையில இருந்தது.

— கோட்டு வெளுக்கப் போயிருக்கு.

— பேப்பர்?

— ... அரிசிப் பானையில.

— கெடு?

— நேத்தோட முடிஞ்சுது. எழுதிக் கொடுக்காதவன் இருக்கிற ஊர்லயே இருப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க எழுதிக் கொடுக்கலை. அதனால நாம இங்கதான். இந்த வீட்டுல. இந்த ரூமுல... இனித் திட்டுங்க. கேட்டுக்கிடுதேன்.

— ம்.

— என்ன ம்?

— சாரமில்ல, போகட்டும். பலாவுல அணில் ஓடுது பாரு.

— ஏங்க...

— என்ன?

— காலண்டரைக் கேட்டீங்க. மணிக்கூட்டைக் கேட்டீங்க. இன்னைக்கு விட்டா, பத்து நாள்ல ஒரு தடவையாவது அந்தப் பேப்பரைக் கேட்டீங்களா? கோட்டைத் தேடுனீங்களா? இப்பக்கூட கோவம் வரலையே உங்களுக்கு.

— கோவப்பட்டா கொதிப்பு ஏறும்னு டாக்டர்...

— டாக்டரை விடுங்க. அணிலையும் விடுங்க. என் மூஞ்சியைப் பாருங்க. எழுதிக் கொடுத்துட்டீங்களா?

— பானையில இருக்கிறது எழுதாத இன்னொரு காப்பி.

— எப்போ கொடுத்தீங்க?

— லீவு போட்ட அன்னைக்கு. காலையில.

— நாகர்கோவிலா?

— அண்ணன் நாலு கடுதாசி போட்டுட்டான் வடிவு. எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு...

— அப்போ நான் சுண்ணாம்புல பச்சை கலக்கும்போது உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— கட்டிலை இழுக்கும்போது தெரியும்.

— தெரியும்.

— ஏன் சொல்லலை?

— கட்டிலை இந்தப் பக்கம் போட்ட அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். படுத்தேன்... தூங்கிட்டேன். மறுநாளும் அப்படியே. இந்த மாதிரி நான் எங்கயும் தூங்கினதில்லை. சொன்னா நீ எல்லாத்தையும் நிறுத்திருவியோன்னு... வடிவு?

— உங்க அண்ணன் வீட்டுல இப்போ இருபத்திரண்டு பேரு. அங்க நமக்கு எந்த ரூமு?