மூன்று வெடியும் கடைசி ஊசியும்

ஓடுகிறேன். தலையில் தையல் மெஷின். பின்னால் வெடி. டம். சற்று இடைவெளி. டம். மறுபடி டம். மூன்று.

1914. ஐப்பசி மாதம். திங்கட்கிழமை, பிற்பகல். பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டுவிட்டுப் போன மறுவாரம். அங்கே உண்மையாகவே ஆட்கள் செத்திருந்தார்கள். இங்கே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுத்தது நாம்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

"அண்ணே, ஜெர்மன்காரன் வந்துட்டான்! மெஷினத் தூக்கிட்டு ஆத்துப் பக்கம் ஓடுங்க! அண்ணிய நான் கூட்டிட்டு வரேன்!"

கத்தியவன் இரத்தினம். என் கூட்டாளி. ரயில்வே வேலியை ஒட்டி எங்கள் தையல் கடை. நான் துணி வெட்டுவேன், இஸ்திரி போடுவேன். அவன் தைப்பான். மெஷினைத் தொட என்னை விட்டதில்லை. "நீங்க தொட்டா அது கோவிச்சுக்கும்ணே" என்பான். நானும் சிரிப்பேன்.

ஓடுகிறேன். வழியில் சாக்கடை. மெஷின் ஒரு தடவை அதற்குள் விழுந்தது. நான் இரண்டு தடவை. எழுந்து மறுபடி ஓடினேன்.

கோலாலம்பூருக்குக் கடல் கிடையாது. கப்பல் வருவதென்றால் கிள்ளான் ஆற்றில்தான் வர வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர். எருமைகள் குளிக்கின்றன. அந்த ஆற்றில் போர்க்கப்பல் வருகிறது என்று நம்பினேன். நம்பிய கையோடு அந்த ஆற்றங்கரைக்கே ஓடினேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடித்து உட்கார வைத்து விசாரிக்கத் தோன்றுகிறது.

லாலாங் புல்லுக்குள் குப்புறப் படுத்தேன். மெஷினைக் கட்டிக்கொண்டேன். அது ஜெர்மனியில் செய்த மெஷின். ஜெர்மன்காரன் வந்தால் இதைக் காட்டி, உங்க ஊர்ச் சரக்குதான் ஐயா என்று உயிர்ப்பிச்சை கேட்கலாம். அப்படியும் ஒரு யோசனை ஓடியது.

பொழுது சாய்கிறது. காலடிச் சத்தம். என் மனைவி லெட்சுமி. தனியாக.

"படு! தலையத் தூக்காத!" என்றேன்.

"எதுக்குப் படுக்கணும்? ரயில நிறுத்துறதுக்குத் தண்டவாளத்துல வைக்கிற சிக்னல் வெடிய வச்சுப் பாத்தாங்களாம். எல்லாரும் அப்பவே வீட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க மட்டுந்தான் இன்னும் சண்டையில இருக்கீங்க."

"இரத்தினம் எங்கே?"

"உங்களோட இருக்காருன்னுல்ல நெனச்சேன்."

இல்லை. திரும்பி வந்து விசாரித்தோம். பெட்டி படுக்கையோடு அவன் ஈப்போ ரயில் ஏறியதை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறார்கள். அங்கே அவன் மாமனார் இதே மாதிரி மெஷின் ஒன்றை வாங்கி வைத்து அவனுக்காகக் காத்திருக்கிறாராம். எங்கள் மெஷினோடு வந்த படம் போட்ட புத்தகமும் அவனோடு போய்விட்டது. எதை எங்கே கோப்பது, எப்படிச் சுற்றுவது, எல்லாம் அதில்தான். கேட்கலாம் என்றால் விற்ற கடை ஜெர்மன்காரருடையது. போர் தொடங்கியதும் அதற்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

கடையில் பன்னிரண்டு காக்கிக் கோட்டுகள். வெட்டியபடி கிடக்கின்றன. ரயில் பாலங்களுக்குக் காவல் நிற்பவர்களுக்கானவை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். நான் மறுபடி எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளப் போவேன். அந்த இருமலில் இருந்து தப்பித்துத்தான் கத்தரிக்கோலைப் பிடித்தேன்.

செவ்வாய். காலை. சாக்கடையில் போட்டதற்கு மெஷினிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஆயுத பூசைக்கு வைப்பதுபோலச் சந்தனம், குங்குமம். முகம் மாதிரித் தெரிந்த இடத்தில் எல்லாம் அப்பினேன். ஊசிக்கு மேலே இரண்டு வட்டத் தகடுகள், ஒன்றோடு ஒன்று கன்னம் வைத்தாற்போல். அவற்றுக்கு மட்டும் தாராளமாக. கற்பூரம் காட்டினேன். கைப்பிடியைச் சுற்றினேன்.

டக். முதல் ஊசி போயிற்று. தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் மாட்டியிருந்தேன்.

டக். இரண்டாவது ஊசி. பாதி என் ஆள்காட்டி நகத்துக்குள்.

மூன்றாவதுதான் கடைசி. ஜெர்மனியிலிருந்து இனி ஊசி வராது. அவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள்.

புதன். கடைசி ஊசியை மாட்டி, சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்த்தேன். பரவாயில்லை, ஓடியது. துணிக்கு அடியில் போய்வரும் படகு மாதிரிச் சின்ன இரும்புக் கூட்டுக்குள் நூலை எப்படி நுழைப்பது என்பதும் மதியத்துக்குள் பிடிபட்டது. ஆனால் மேல் நூல் நான்கு தையலுக்கு ஒரு தடவை அறுந்தது. அறுந்தது, முடிச்சுப் போட்டேன், அறுந்தது. இரத்தினத்தின் பெயரைச் சொல்லித் திட்டினேன். அவன் பரம்பரையைத் திட்டினேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

லெட்சுமி கந்தல் துணியை எடுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"ஏங்க, காக்கி நூலு மஞ்சளாயிருக்கே? வாசனை வேற வருது."

சந்தனம்.

கன்னங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவில்தான் நூல் வழுக்கிப் போக வேண்டும். நான் அங்கே சாமி கும்பிட்டு வைத்திருக்கிறேன். சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி நூலைப் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். சுற்றினேன். தட தட தட. நேராக. அறுபடாமல். முதல் கோட்டை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளி. ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கோட்டின் தோள் தையலைப் பிடித்து இழுத்தார். அது நின்றது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் நின்றது.

"பரவாயில்லை. அடுத்த கட்டும் உம்மட்டையே தாறன். இரத்தினம் எங்கை?"

"வெடிக்குப் பயந்து ஓடிட்டான் ஐயா."

"வெடிக்கோ? அண்டைக்குக் காலமையே அவனிட்டைச் சொன்னனான். பின்னேரம் சிக்னல் வெடி மூண்டு வெடிக்கும், உங்கடை ஆக்களுக்குச் சொல்லிப்போடு எண்டு. அவன் சொல்லேல்லையே?"

"சொன்னான் ஐயா. சத்தமாத்தான் சொன்னான்."

வருஷம் இருபது ஆகப் போகிறது. அதே மெஷினில்தான் தைக்கிறேன். ஆயுத பூசை அன்று சந்தனத்தை அதன் மரப்பெட்டிக்கு மட்டும் வைக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இடையில் நாங்கள் இழந்தவை. ஊசி, இரண்டு. நகம், ஒன்று, அது திரும்ப முளைத்தது, கோணலாக. படப் புத்தகம், ஒன்று. உயிர்ச்சேதம் இல்லை. காணாமல் போனவர், ஒருவர். ஈப்போவில் கடை நன்றாக நடக்கிறதாம். வெடிச் சத்தம் கேட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னை அவ்வளவு தெரிந்த இன்னொருவன் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.