அஜிஷா பாடி முடிக்காத பாட்டு

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் கிதார் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும், சார். பயிற்சி நாட்களில் நான்தான் முதலில் பாறசாலையில் நாங்கள் பயிற்சி செய்யும் வீட்டு மாடிக்குப் போய் எல்லாவற்றையும் துடைத்து வைப்பேன். குழுவில் அப்படி அக்கறை உள்ளவன் நான் ஒருவன்தான்.

நாங்கள் மூன்று பேர். நான் கிதார், ஷிஜு டிரம்ஸ், அஜிஷா பாட்டு. எழுதுவதும் அவள்தான், தமிழும் மலையாளமும் கலந்து. கோயில் கமிட்டிக்காரர்கள் சினிமாப் பாட்டு கேட்பார்கள். மாட்டோம் என்போம். உதியன்குளங்கரையில் ஒருமுறை மைக் செட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு குளத்தூர் ரப்பர் தோட்டத்து வழியில் ஒரு குடிகாரன் அஜிஷாவைப் பின்தொடர்ந்தான். நடுங்கிக்கொண்டே வந்து அன்று அவள் எழுதிய பாட்டைத்தான் பஸ்ஸில் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அந்த ஆளை இந்த ஸ்டேஷனுக்குத்தான் கூப்பிட்டு மிரட்டினீர்கள். அவன் ஒதுங்கினான். அவளுக்கு நிம்மதி வந்தது; பாட்டு போய்விட்டது. மழை, பூ, நிலா என்று எழுத ஆரம்பித்தாள். கூட்டம் குறைந்தது.

யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சாயங்காலம் அவள் வேலை முடிந்து பயிற்சிக்கு வரும்போது நான் பின்னால் நடந்தேன். அவள் நின்றால் நானும் நிற்பேன். தொட்டதில்லை, பேசியதில்லை. சருகு மிதிபடும் சத்தம் போதும். பிறகு பைக்கில் அவளுக்கு முன்பே மாடிக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பேன்.

"ஜெயண்ணா, இது அவன் இல்ல. வேற யாரோவாக்கும். மூச்சு விடுற சத்தங்கூட கேக்குது."

"பயப்படாத மக்கா. நான் உண்டுல்லா? அதை அப்படியே எழுது."

எழுதினாள். நெய்யாற்றின்கரையில் அரங்கு நிறைந்தது. பாடும்போது அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தேடும். அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வீட்டில் அவள் அம்மா சரசம்மா கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். புதுப் பாட்டு பாதியில் நிற்கும்போது அவள் சொன்னாள்: "இனி எனக்குக் கழியாது அண்ணா, என்னால முடியாது. நான் நாகர்கோவில் சித்தி வீட்டுக்குப் போறேன். பாட்டே வேண்டாம்."

அவள் கிளம்பியதும் பின்னால் போனேன். மிச்சப் பாட்டு கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் ஓடினாள். வழி தப்பி, தண்ணீர் தேங்கிக் கிடக்கும் கைவிட்ட குவாரிப் பக்கம் போய்விட்டாள். விளிம்பில் நின்று போனை எடுத்தாள். யாரைக் கூப்பிடுவாள்? என்னைத்தான். என் போன் அவள் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

திரும்பினாள். "ஜெயண்ணா, வந்துட்டியளா" என்றாள். முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் வெளியே சொன்னால் ஷிஜுவின் எதிர்காலமும் போய்விடும். நான் மற்றவர்களையும் நினைக்க வேண்டியவன். நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்றைக்கு, அவளுக்குக் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். வழுக்கவில்லை. இரண்டு கைகளாலும் தள்ளினேன்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும். கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. எந்த ஸ்டுடியோவிலும் அப்படி எதிரொலி கிடைக்காது. சத்தம் நிற்கும்வரை போனில் பதிவு செய்தேன்.

ஏற்கெனவே அவள் பாடி வைத்திருந்த பாதியோடு அதைச் சேர்த்து, அவள் பேரில் வெளியிட்டேன். கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். சரசம்மா மட்டும் அழவில்லை. "எம்பிள்ள எங்க நின்னு இப்படி விளிச்சா?" என்று கேட்டுக்கொண்டே உங்களிடம் வந்தார்.

முடிவில் "ஜெயண்ணா" என்று அவள் கூப்பிடுவதை வெட்டியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன், சார். வெட்ட மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு அவ்வளவு பிரியம்.