கண் சிமிட்டிய மாப்பிள்ளை

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வேனில் என் முன் சீட்டில் இரண்டு பேர். கம்பளித் தொப்பி போட்டவர், "கெமரா முன்னால அசையாம உக்காந்ததுதான் தம்பி நான் செஞ்ச முட்டாத்தனம்" என்றார்.

"பொண்ணு பாக்கத்தானேண்ணே நெட் கடைக்குப் போனீங்க?"

"ஆமா. பொண்ணு குவைத்துல வேலை செய்யுது. வீடியோவுல பேசுறதுக்கு நம்ம படம் எந்த சைஸ்ல வேணும்னு கடைக்காரரு கேட்டாரு. இருக்கிறதுலயே பெருசா வைங்கன்னேன். நம்ம மூஞ்சி தெளிவாத் தெரியணுமே."

"தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு. வாயத் தொறந்தபடி அப்படியே நின்னுபோச்சு. லைன் தாங்கலையாம். கடைக்காரரு தபால் முத்திரை அளவுக்குக் கொறச்சாரு, ஓட ஆரம்பிச்சிருச்சு. அசைஞ்சா மறுபடி நின்னுருமோன்னு பயந்து, ஐடென்டிட்டி கார்டுக்குப் படம் புடிக்கிற மாதிரி வெறச்சு உக்காந்துட்டேன்."

"அந்தப் புள்ள?"

"படம் இன்னும் நிக்குதுன்னு நெனச்சிருச்சு. பக்கத்துல இருந்த கூட்டாளிகிட்ட, 'ஆளு பரவாயில்ல, தொப்பிக்குள்ள முடி இருக்கான்னுதான் தெரியல'ன்னு சொல்லுது. எனக்கு எல்லாம் கேக்குது. இன்னும் என்ன சொல்லுமோன்னு மூச்சக்கூட விடல."

"அப்புறம்?"

"கண்ணச் சிமிட்டிட்டேன்."

மற்றவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது.

"கோவிச்சுக்கிச்சாண்ணே?"

"இல்ல, உன்னய மாதிரியே சிரிச்சிச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை தொப்பி இல்லாம வரச் சொல்லியிருக்கு."

"இந்தத் தடவ எந்த சைஸ்ல வைக்கச் சொல்லப் போறீங்க?"

"முத்திரை சைஸ்தான்" என்று தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதவிடச் சின்னது இருக்கான்னும் கேக்கணும்."