வாசம் போட்டவர்

காலை ஒன்பது பத்து. காந்திபுரத்தில் அன்னூர் பஸ் கிளம்பியபோது, எனக்கு முன்சீட்டில் இருந்தவர் ஒரு துணிப்பையைக் காலடியில் இடுக்கிக்கொண்டார். கார் சர்வீசில் இருப்பதாக, கேட்காமலே நடத்துநரிடம் சொன்னார். பக்கத்தில் அவருடைய அத்தை.

"வாசமில்லாத எண்ணெயைக் கொண்டாந்தது உங்கப்பா. அதுல வாசம் போட்டது எங்கூட்டுக்காரரு. விழா மலர்ல ரெண்டையும் எழுதோணும் கண்ணு."

அவர்களுடைய கடலை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அடுத்த வாரம் பொன்விழா. மலரைத் தயாரிப்பவர் இந்த மருமகன்தான்.

"அதெப்படிங்க அத்தை எழுதறது?"

"நடந்ததுதான. மெஷின் எண்ணெய் தண்ணியாட்டம் இருக்குதுன்னு ஒருத்தரும் வாங்கல. உங்க மாமாதான் டின்னுக்கு ஒரு சொம்பு செக்கெண்ணெய் ஊத்திப்போட்டாரு. அப்பறம் ஊரே வாங்குச்சு. அவரும் போய்ச் சேந்துட்டாரு, பேராவது இருக்கோணும்."

"அப்பாவுக்கு 'தூய்மையின் முன்னோடி'ன்னு தலைப்பே அச்சாயிருச்சுங்க. மாமாவை 'உறுதுணை'ன்னு போட்டிருக்கறனுங்க."

"அப்ப குத்துவிளக்கேத்த வேற ஆளைப் பாத்துக்க."

கோவில்பாளையத்தில் அவர் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார்.

"சரிங்க அத்தை. மாமாவையும் நிறுவனர்னே போட்டர்றனுங்க. வாசத்தை மட்டும் உட்ருங்க."

"உட்டுட்டேன். விளக்குக்கு நம்ம எண்ணெய்தான?"

"அது சாமி காரியத்துக்கு ஆகாதுங்க. வேற வாங்கிட்டனுங்க."

அன்னூரில் இறங்கும்போது பையின் வாய் விலகியது. உள்ளே இருந்த கேனில் 'மரச்செக்கு நல்லெண்ணெய், அசல் வாசம்' என்று அச்சிட்டிருந்தது.