கல்லுமலைச் சங்கு ஊதிய பகல்

"…அங்க போகாத ஞானம், வெடி வைக்கப் போறாங்க, திரும்பு!"

ஸ்டெல்லா அக்காவின் குரல். எனக்குப் பின்னால், செம்பனை மரங்களுக்கு அந்தப் பக்கம். நான் திரும்பவில்லை. நடக்கிறேன். முன்னால் கல்லுமலை. பாதி மலையைக் குவாரிக்காரர்கள் தின்றுவிட்டார்கள். மீதி வெள்ளையாக நிற்கிறது. வழியில் சிவப்புக் கொடி. தாண்டுகிறேன்.

குவாரியில் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. நீளமாக ஒன்று. இடைவெளி. நீளமாக இன்னொன்று. மூன்றாவது வந்தால் வெடி. ஈப்போவுக்கு வெளியே இந்த மலையடியில் குடியிருக்கும் எங்களுக்கு அது மனப்பாடம். புதன்கிழமை பகல், சோறு வடிக்கிற நேரம். ஜன்னல் அதிரும். நாய் கட்டிலுக்கு அடியில் போகும்.

சாகத்தான் போனீர்களா என்று பிறகு கிளினிக்கில் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். நிற்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அக்கா ஓடி வருகிறார். முட்டி தேய்ந்த அறுபது வயது. ஒரு சிலிப்பர் கழன்றுவிட்டது. என் கையைப் பிடித்தார். இழுத்தார். இருவரும் விழுந்தோம். ரப்பர் காலத்தில் பாலை எடை போட்ட கொட்டகையின் சுவர் மட்டும் அங்கே மிச்சம். அதன் பின்னால் கிடந்தோம். மூன்றாவது சங்கு. தரைக்கு அடியிலிருந்து ஒரு குத்து. அதன் பிறகுதான் சத்தம். செம்பனை ஓலையில் கல் விழுகிறது. ஆலங்கட்டி மாதிரி.

அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இதைச் சொல்வதே இல்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணி. இதே தோட்டத்தில் இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். மழ பெஞ்சா மரத்துக்குத்தான் லீவு, மனுசனுக்கு இல்ல என்பார், கூரை ஒழுகும்போதெல்லாம். தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அவர் லோரி ஓட்டப் போனார். தாப்பாவுக்கு மேலே, மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அதன் பிறகுதான் இது ஆரம்பித்தது.

இதற்குச் சங்கு கிடையாது. கொடி கிடையாது. ஒரு காலையில் பல் விளக்க முடியவில்லை. பிறகு சமைக்க முடியவில்லை. பிறகு பாட முடியவில்லை. ஜெபிக்க முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஆண்டவர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற வேலை எனக்கு. விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றேனாம், மணி அடித்துப் பிள்ளைகள் போகும்வரை. ஆசிரியை ஒருவர் கிளினிக்குக் கூட்டிப்போனார். மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்லப் பசித்தது. தூக்கம் வந்தது.

பிறகு என் வீட்டில் ஜெபக் கூட்டம். ஸ்டெல்லா அக்காதான் எங்கள் ஜெபக் குழுத் தலைவி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் சோறு அவர் கையால்தான் வரும். என் தலையில் எண்ணெய் தடவினார். எனக்காக அழுதார். கிளம்பும்போது மேசையில் மாத்திரையைப் பார்த்துவிட்டார்.

"ஆண்டவரு சொகம் குடுத்தாச்சு. இன்னும் இது எதுக்குலா ஒனக்கு?"

வாசல் சாக்கடையில் கொட்டினார். அன்பால்தான் கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் என்னை முன்னால் நிறுத்தி, ஞானம் சுகமாகிவிட்டாள் என்று மைக்கில் சொன்னார். சபை கை தட்டியது.

எங்கள் சபையில் சாட்சி என்றால் ஜெயித்த கதை. பாதியில் நிற்கிற கதையை யாரும் சொல்ல மாட்டார்கள். சுகமானவள் என்று பேர் வாங்கிய பிறகு கிளினிக் வரிசையில் எப்படிப் போய் உட்காருவது? மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்ணும் எங்கள் சபைதான். போகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தேன். வாரக்கணக்கில். அந்தப் புதன்கிழமை வரை.

கல் விழுவது நின்றது. அக்காவின் முட்டியில் ரத்தம். எதற்கெடுத்தாலும் ஜெபிக்கிற அக்கா ஜெபிக்கவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த மாத்திர, எத்தன மணிக்குப் போடுவ?"

பகல் ஒரு மணிக்கு என்றேன்.

மறுநாள் அவரே கிளினிக்குக் கூட்டிப்போனார். மருந்து கொடுக்கிற பெண் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "சுகர் மாத்திர வாங்க வர்றவங்ககிட்ட யாரும் விசுவாசம் எங்கன்னு கேக்கறதில்லயே, ஆன்ட்டி," என்றாள். அக்காவின் கைப்பையில் சுகர் மாத்திரை இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்போது என் ஜெபம் ஒரே வரி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொல்வது. ஆண்டவரே, காலைக் கீழே வைக்கிறேன், பிடித்துக்கொள்ளும். பல நாள் பதில் இல்லை. இருந்தாலும் வைக்கிறேன். தரை இருக்கிறது. அதை அவர் கை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு. ஆராதனை நீண்டு பகலாகிவிட்டது. சாட்சி நேரம். நானே எழுந்து மைக்கைக் கேட்டேன். அக்கா தயங்கித்தான் கொடுத்தார்.

சொன்னேன். நான் சுகமாகவில்லை. மாத்திரை போடுகிறேன். ஆண்டவரை விடவில்லை.

பிறகு போனவற்றைச் சொன்னேன். அந்தோணி போனார். தோட்டத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்த சின்னக் கோயில் போனது. என் பாட்டு போனது, இன்னும் வரவில்லை. கடைசி வீட்டு ஆரோக்கியம் போனாள். மாடு வளர்த்த தேவன் போனான். இரண்டு பேரையும் நெஞ்சுவலி என்று சொல்லித்தான் புதைத்தோம். இரண்டும் நெஞ்சுவலி இல்லை. இங்கே எல்லோருக்கும் தெரியும்.

யாரும் கை தட்டவில்லை. ஸ்தோத்திரம் என்ற குரலும் இல்லை. ஸ்டெல்லா அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. பிரசங்கியாருக்காக மேடையில் மூடி வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்து, என்னிடம் நீட்டினார்.