1060ஆ, 580ஆ: பக்கச்சார்பற்ற ஓர் ஒப்பீடு

ரொறன்ரோ மாநகரில் பக்கச்சார்பே இல்லாத மனிதன் ஒருவன்தான் இருக்கிறான். அது நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நிலம் நனையும் என்பதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்தில் கணினி வாங்க நினைக்கிற எவரும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். லிப்டில் மறித்துக் கேட்பார்கள், உடுப்புத் தோய்க்கிற அறையில் கேட்பார்கள். நான் எதையும் வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. அளந்துதான் சொல்வேன்.

ஆகவே பழைய கிராபிக்ஸ் கார்ட் இரண்டில் எது நன்றாக ஓடும், எது கொடுத்த காசுக்குப் பெறுமதி என்று அறிய வந்திருக்கும் நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். முடிவைக் கடைசியில் தருகிறேன். இரண்டில் ஒரு கார்ட் எப்படிச் செத்தது என்பதை இடையில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் ஒப்பீடு முழுமையாகாது.

விளையாட்டு ஓடும்போது திரையில் படத்தை வரைந்து தள்ளுவது இந்தக் கார்ட்தான். அது சொத்தியாக இருந்தால், துரத்தி வருகிற எதிரி கலியாண வீட்டு அல்பம்போல ஒவ்வொரு படமாகப் புரளுவான். புதிய கார்ட் வாங்க என்னிடம் வசதி இல்லை. ரெக்ஸ்டேலில் மரியோ என்பவர் பழையது இரண்டை விற்கப்போவதாக விளம்பரம் போட்டிருந்தார். ஒன்று பச்சைக் கம்பனியின் 1060. மற்றது சிவப்புக் கம்பனியின் 580. விளையாட்டுக்காரர்கள் கம்பனிகளை நிறம் சொல்லித்தான் பிரிப்பார்கள். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பச்சை இல்லம், சிவப்பு இல்லம் என்று பிரிப்பார்களாமே, அதுபோல. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே விலை.

மூன்று வாரம் ஆராய்ந்தேன். 1060 குறைவாக மின்சாரம் குடிக்கும். சூடாகாது. சத்தம் போடாது. என் அம்மா எனக்குத் தேடப்போகிற பெண்பிள்ளையின் இலட்சணங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அதையே எடுப்பது என்று முடிவெடுத்தேன்.

துணைக்கு மிதுனனைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு நாலு மாடி மேலே இருக்கிறவன், பாலர் வகுப்பிலிருந்தே என் கூட்டாளி. மரியோவின் வாசல்மணியை அமத்தப் போன நேரத்தில் அவனுடைய அம்மா குணவதி அன்ரியின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"இப்ப ராகு காலமடா. காசைக் கையில குடுத்துப்போடாத. முடியுமட்டும் நில்லுங்கோ."

நின்றோம். கார்ட் வாங்குவது நான், ராகு காலம் அவனுடைய அம்மாவுக்கு, காற்று எங்கள் இரண்டு பேருக்கும். பேருந்துத் தரிப்பிடத்தின் கண்ணாடிக்குள் ஒன்றரை மணித்தியாலம் விறைத்த பிறகு மிதுனன் சொன்னான்:

"மச்சான், இவ்வளவு நேரம் நிண்டாச்சு. மற்றதை நான் எடுக்கிறன்."

"நீ அதைப் பற்றி ஒண்டும் பாக்கேல்லையே."

"என்னத்தைப் பாக்கிறது? சிவப்பு லைட் எரியுது ப்ரோ. பாக்க வடிவாயிருக்கு."

அவனுடைய ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பிறகு சோதித்தேன். ஒரே விளையாட்டு, ஒரே கணினி, ஒரே மேசை. இரண்டு கார்ட்டையும் மாறி மாறிப் போட்டேன். 580 முந்தியது. நான் அளவைகளை மதிக்கிறவன், ஆகவே திரும்பவும் அளந்தேன். 580 முந்தியது. 1060க்கு வெக்கையாக இருக்கிறதோ என்று ஒக்டோபர்க் குளிரில் யன்னலைத் திறந்துவிட்டு அளந்தேன். எனக்குத் தடிமன் பிடித்தது, 580 முந்தியது. பெரிய நகரக் காட்சிகள் வந்தால் 1060 மூச்சு வாங்கி நின்றது. 580க்கு நினைவகம் கூட, அது ஓடிக்கொண்டே இருந்தது. மின்சாரத்தைக் குடித்தது, விசிறி இரைந்தது, ஆனாலும் ஓடியது.

இந்த நேரம் முழுவதும் மிதுனன் என் கட்டிலில் இருந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான். கடைசியில், கையைத் தட்டிவிட்டு, "விடு மச்சான், ரெண்டும் நல்லதுதான்" என்றான்.

அந்த வசனத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வென்றவன் மட்டும்தான் இரண்டும் நல்லது என்று சொல்வான்.

குணவதி அன்ரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகனில் யாருடைய கண்ணாவது பட்டுவிட்டது என்று தோன்றினால், செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து, அவனையும் அவன் கணினியையும் சேர்த்து மூன்று தரம் சுற்றி நாவூறு கழிப்பார். பிறகு மிளகாயை அடுப்பில் சட்டி வைத்து எரிப்பார். எங்கள் கட்டடத்தில் தோசை கொஞ்சம் கருகினாலே புகை அலாரம் குளறும். ஆகையால் அன்ரி கதிரையில் ஏறி, குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்துக்கு மாட்டிவிட்டுத்தான் தொடங்குவார். பூப்போட்ட தொப்பி. நான் அதைக் கல்லூரிப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தியாக எழுதினேன். 'கணினிப் பாதுகாப்புக்குச் செத்தல் மிளகாய்' என்று தலைப்பு. நல்ல வரவேற்பு. அன்ரிக்கும் வாசித்துக் காட்டினேன்.

"சிரி, சிரி" என்றார், தானும் சிரித்துக்கொண்டு. "கண் பட்டவனுக்குத்தானே தெரியும்."

மிதுனன் அந்த வருடம் ஒரு தவணை பெயிலாகியிருந்தான். அவனுடைய அப்பா இரத்தினவேல் அங்கிள் களஞ்சியமொன்றில் விடியப்புற வேலை செய்கிறவர். இனி இந்த வீட்டில் ஒன்றில் படிப்பு, இல்லாவிட்டால் வேலை, விளையாட்டுப் பெட்டி வெளியே என்று சொல்லிவிட்டார். இடையில் நின்றது அன்ரிதான். கல்லூரியின் கணினி விளையாட்டு அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அணியை நடத்துகிற நடாஷா மிதுனனுக்கு ஒரு தேர்வு ஆட்டம் கொடுத்திருந்தாள். வீட்டிலிருந்தே இணையத்தில் விளையாட வேண்டும். "இவனுக்கு அந்த இடம் கிடைச்சா நீங்கள் வாய் திறக்கக்கூடாது" என்று அன்ரி அங்கிளிடம் உறுதி வாங்கியிருந்தார். ஆட்டம் விழுந்தது விசயதசமி நாள் பின்னேரம். சின்னப்பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். அன்ரிக்கு அதுவே பாதி வெற்றி.

முதல்நாள் மாலை சரஸ்வதி பூசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படிக்கிறவர்கள் புத்தகத்தையும் தொழில் செய்கிறவர்கள் ஆயுதத்தையும் சாமிக்கு முன்னால் வைப்பார்கள், விடியும்வரை தொடமாட்டார்கள். கணினிப் பெட்டி சாமித்தட்டில் அடங்காது. ஆகவே மிதுனன் கார்ட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தான்.

"அம்மா, இதுதான் கொம்பியூட்டரின்ர மூளை."

அது மூளை இல்லை. மூளை வேறு. அன்று நான் காட்டிய பொறுமையை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

அன்ரி மோதிர விரலால் கார்ட்டின் மேல்மூடியில் சந்தனம் தொட்டு ஒரு பொட்டு வைத்தார், அதன் நடுவில் குங்குமம். தேவாரம் பாடினோம். எனக்கு வராத வரிகளில் வாயசைத்தேன். பிறகு எல்லாரும் சாப்பாடு எடுக்கக் குசினிக்குள் போனார்கள். நான் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு நானும் போய்ச் சாப்பிட்டேன். கடலை நன்றாக இருந்தது.

மறுநாள் காலை மிதுனன் கார்ட்டைத் திரும்பப் பூட்டி, பார்க்கச் சொல்லி என்னையும் மேலே கூப்பிட்டான். கணினியின் ஆளியைப் போட்டான். சின்னதாக ஒரு வெடிச் சத்தம், ஒரு பொறி, மெல்லிய புகை. சந்தனம் எரிகிற வாசம் அறை முழுக்கப் பரவியது. திறந்து பார்க்க அதிகம் இருக்கவில்லை. பொட்டு அப்படியே சிரித்துக்கொண்டு இருந்தது. மிதுனன் பொட்டைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"சந்தனத்தை ஏன் அம்மா இதில பூசினீங்கள்?"

"எப்பவும் வைக்கிறதுதானே ராசா."

"எலெக்ட்ரோனிக்ஸில ஆரும் ஈரத்தைப் பூசுவினமா? சீரியஸ்லி?"

அன்ரி தன் விரலைப் பார்த்தார்.

மத்தியானம் மிதுனன் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"மச்சான், உன்ர 1060ஐ ரெண்டு மணித்தியாலத்துக்குத் தாவன். பிளீஸ்."

"தரலாம். ஆனா ஒப்பீடு இன்னும் முடியேல்லை. இப்ப நான் குடுத்தா ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரிப் போயிடும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "பகிடியா விடுறாய்?"

"அளவு விசயத்தில நான் பகிடி விடுறேல்லை."

மிதுனன் லிப்டுக்குக் காத்திராமல் படியால் ஏறிப் போனான். நாலு மாடியும் அவன் கால் சத்தம் கேட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நடாஷா செய்தி அனுப்பினாளாம். இடம் வேறொருவனுக்குப் போனது. அங்கிளும் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். கணினிப் பெட்டி அலுமாரிக்கு மேல் ஏறியது. மிதுனன் இப்போது விடியப்புறம் அப்பாவோடு களஞ்சியத்துக்குப் போகிறான். வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு பேசுவதில்லை. அவர்கள் வீட்டுச் சாமித்தட்டில் விளக்கு இல்லை. பீட்சாக் கடைத் துண்டுப்பிரசுரங்கள் கிடக்கின்றன.

போன மாதம் உடுப்புத் தோய்க்கிற அறையில் அன்ரியைக் கண்டேன். நான் முன்பே சொன்னேன், எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

"கிருஷாந் தம்பி, நீ கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை. மறைக்காமச் சொல்லு. நான் வைச்ச பொட்டாலதானே?"

"நீங்கள் நல்லதுக்கெண்டுதானே வைச்சனீங்கள், அன்ரி."

"அப்ப ஓம் எண்டுறாய்."

"அதை மனசில வைச்சிருக்காதேங்கோ."

"அவன் என்னோட கதைக்கிறானில்லையப்பன்."

கூடையை வாங்கி லிப்டு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்களே பாருங்கள், இதில் நான் சொன்ன பொய் ஒன்றுகூட இல்லை.

இனி நுட்ப விபரம். பிளாஸ்டிக் மூடியில் வைத்த பொட்டு எந்தக் கார்ட்டையும் கொல்லாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். சந்தனம் தனியே மின்சாரத்தைப் பெரிதாகக் கடத்தவும் மாட்டாது. அதற்கு உப்பு வேண்டும். படையலில் வைத்த கடலையின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறி நின்றது. அவர்கள் குசினிக்குள் இருந்தபோது, அந்தத் தண்ணீரில் சந்தனத்தைக் குழைத்தேன். கார்ட்டில் மின்வயர் செருகுகிற வாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஊதுபத்திக் குச்சியின் அடியால் நன்றாகத் திணித்தேன். வெளியே தெரியாதபடி துடைத்தேன். நான் வேலையைத் துப்புரவாகச் செய்கிறவன். உப்பு ஈரம் கெதியில் காயாது, விடியும்வரை அதை எவரும் தொடவும் மாட்டார்கள். வழக்கம் அப்படி.

கார்ட்டுகளை ஒப்பிடுகிறவர்கள் வேகத்தை அளப்பார்கள், சூட்டை அளப்பார்கள். ஈரத்தை எவரும் சோதிப்பதில்லை. இந்தக் குறையை யாராவது தீர்க்கத்தானே வேண்டும். 1060ஐ ஏன் அப்படிச் சோதிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1060 என்னுடையது.

முடிவுக்கு வருவோம். 580தான் நல்லது. வேகத்திலும் நல்லது, காசுக்கும் பெறுமதி. இதைச் சொல்ல எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சொன்னேனே, பக்கச்சார்பு கிடையாது.

முந்தநாள் மரியோவிடம் இன்னொரு 580 வந்திருப்பதாகக் கண்டேன். போனேன். போகிற வழியில், ஓர் ஆர்வத்துக்காக, ராகு காலம் எப்போது என்று கைபேசியில் பார்த்தேன். நடந்துகொண்டிருந்தது. எப்படியும் கால் உளைந்ததால் அதே தரிப்பிடத்தில் கொஞ்சம் இருந்தேன். அது முடிந்த நேரமும் நான் எழும்பிய நேரமும் ஒன்றாக அமைந்தன.

திரும்பி வரும்போது லிப்டில் மிதுனன். வேலைச் சப்பாத்து, கண்ணில் நித்திரை. என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"580ஆ?"

"ஓம்."

"நல்ல கார்ட் மச்சான்" என்றான். எரிச்சலாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உண்மையாகவே சொன்னான். லிப்ட் என் மாடியில் நிற்கும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஒருவரும் இல்லை. கார்ட்டைப் பூட்டினேன். எல்லா வயரையும் இருமுறை பார்த்தேன். ஆளிக்குக் கை போனது, திரும்பி வந்தது. திரும்பவும் போனது, திரும்பவும் வந்தது. சரியாகப் பூட்டிய கார்ட் எரிவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

குசினிக்குள் போய் மூன்று செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து வந்தேன். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று நினைவில்லை. இரண்டு பக்கமும் சுற்றினேன். சட்டியை அடுப்பில் வைத்தேன். மூட்டுவதற்கு முன் கதிரையைக் கொண்டுவந்து, அம்மாவின் குளியல் தொப்பியைப் புகை அலாரத்துக்கு மாட்டிப் பார்த்தேன்.

அளவு சரியாகத்தான் இருந்தது.